தங்கம் பிரித்தல் – கடிதம்

அன்புள்ள அக்கா,

அப்பா கோவையில் நகைப்பட்டறை வைத்திருக்கிறார். நான் டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்தவன். பட்டறையில் கூட்டிச் சேர்த்த மண்ணையும் அரப்பொடியையும் வருஷத்துக்கு ஒருமுறை வெளியே கொடுத்துத்தான் தங்கம் எடுக்கிறோம். அதை நானே செய்யலாம் என்று நினைக்கிறேன். பழைய கம்ப்யூட்டர் போர்டுகளும் கொஞ்சம் வாங்கியிருக்கிறேன். யூடியூபில் ஆளுக்கொரு அளவு சொல்கிறார்கள். முறையாகப் படிக்க எந்தப் புத்தகம் வாங்கலாம்? ஆங்கிலம் ஓரளவு வாசிப்பேன். ரசவாத நூல்களில் உண்மையான செய்முறை இருக்கிறதா? ஆசிட் வாங்கியாகிவிட்டது. வீட்டில் சின்னக் குழந்தை இருப்பதால் மொட்டைமாடியில்தான் செய்யப்போகிறேன்.

ம., கோவை

அன்புள்ள ம.,

ரசவாதத்தை விடுங்கள். செம்பு தங்கமாகாது. கம்ப்யூட்டர் போர்டுகளையும் வந்த விலைக்குத் தள்ளிவிடுங்கள். அதில் இருப்பது மெல்லிய முலாம். அதோடு ஈயமும் வெள்ளீயமும் சேர்ந்து வரும். வெள்ளீயம் நைட்ரிக் ஆசிட்டில் வெள்ளைக் கூழாகி வடிதாளை அடைத்துக்கொள்ளும். கற்றுக்கொள்ளும் கைக்கு அது ஆகாது.

புத்தகத்துக்கு வருகிறேன். கொஞ்ச நாளாக நான் திரும்பத் திரும்பப் புரட்டிக்கொண்டிருப்பதே அப்படியொரு புத்தகத்தைத்தான். அதனால்தான் உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் எழுதுகிறேன். சி.எம். ஹோக் என்ற அமெரிக்கப் பெண்மணி 1940-ல் எழுதிய 'ரிஃபைனிங் பிரஷியஸ் மெட்டல் வேஸ்ட்ஸ்'. வேதியியல் படிக்காத நகைத் தொழிலாளியை எதிரில் உட்காரவைத்துப் பேசுகிற நடை. உங்கள் அப்பாவின் பட்டறை மண்ணும் அரப்பொடியும்தான் அந்தப் புத்தகத்தின் விஷயமே. பெயரிலேயே கழிவு இருக்கிறது. எடுத்த எடுப்பில் பெரிய வேலையில் இறங்கவிடாமல், துளித்துளியாக எடுத்துச் சின்னச் சின்னச் சோதனைகள் செய்து உலோகங்களோடு முதலில் பழகச் சொல்கிறார். சோதித்தறிவதற்கென்றே 'டெஸ்டிங் பிரஷியஸ் மெட்டல்ஸ்' என்று தனியாக இன்னொரு புத்தகமும் எழுதினார். இரண்டையும் வாங்குங்கள், சோதனைப் புத்தகத்தை முதலில் படியுங்கள்.

ஏன் அதை முதலில்? எங்கள் பக்கத்து வீட்டு மாமாவைப் பற்றிச் சொன்னால் புரியும். அவர் நகை செய்பவரில்லை. மற்ற பட்டறைக்காரர்கள் கொண்டுவரும் பழைய தங்கத்தைச் சுத்தம் செய்து கொடுப்பார். பின்கட்டில்தான் வேலை. தெருவில் எல்லா வீட்டிலும் ஜன்னல் கம்பி ஒரே வயசு, அவர் வீட்டுப் பின்ஜன்னலில் மட்டும் கம்பி அரித்து ஈர்க்குச்சி கனத்துக்கு வந்திருந்தது. அவருக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் கொடுத்தது ஒரு அளவுக் கணக்கு, அவ்வளவுதான். இவ்வளவு தங்கத்துக்கு இவ்வளவு ராஜதிராவகம் (தங்கத்தையும் கரைக்கும் ஆசிட் கலவை), பிறகு இந்த உப்பு, அடியில் பழுப்பாகத் தங்கம் படியும், எடுத்து உருக்கு. பல வருஷம் அது சரியாகவே வந்தது.

ஒருமுறை படியவில்லை. உப்பை இன்னும் போட்டார், படியவில்லை. திரும்பவும் ஆசிட் ஊற்றினார். ராத்திரி முழுக்க அந்தப் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததாக அத்தை பிற்பாடு சொன்னார். காலையில் மஞ்சளும் பச்சையுமான அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றினார். கொடுத்தவருக்குத் தங்கம் திருப்பித்தர வேண்டுமே. அத்தையின் கழுத்துச் சங்கிலி போனது.

அந்தத் தங்கம் எங்கேயும் போய்விடவில்லை. அந்தத் தண்ணீரில்தான் இருந்திருக்கும். ராஜதிராவகத்தில் மூன்று பங்கு ஹைட்ரோகுளோரிக் ஆசிட், ஒரு பங்கு நைட்ரிக். தங்கம் கரைந்து முடிந்த பிறகும் நைட்ரிக் மிச்சம் நின்றால், படிகிற தங்கத்தை அது மறுபடி கரைத்துவிடும். மாமா மேலும் மேலும் ஆசிட் ஊற்றி அந்த மிச்சத்தைத்தான் பெருக்கினார். தண்ணீரில் தங்கம் இருக்கிறதா என்று அறிய, ஸ்டேனஸ் குளோரைடு என்ற வெள்ளீய உப்பின் கரைசல் ஒரு சொட்டு போதும். வடிதாளில் அந்தத் தண்ணீரை ஒரு சொட்டு வைத்து, மேலே இதை ஒரு சொட்டு விட்டால், தங்கம் இருந்தால் ஊதா கறுத்து நிற்கும். 17-ஆம் நூற்றாண்டிலிருந்து ஐரோப்பாவில் தெரிந்த நிறம் அது. ஒரு சொட்டு, ஒரு துண்டுத் தாள். அதைச் சொல்லித்தர ஆளில்லாமல் ஒரு குடும்பத்தின் தங்கம் சாக்கடைக்குப் போனது. இதை எழுதும்போதும் எனக்கு ஆறவில்லை.

தம்பி, நீங்கள் கேட்பதும் அளவுகளைத்தான். யூடியூபில் ஆளுக்கொரு அளவு சொல்கிறார்கள் என்பது உங்கள் வருத்தம். ஒரே அளவு சொன்னால் மட்டும் என்ன ஆகிவிடும்? உங்கள் மண்ணில் இருக்கும் செம்பும் வெள்ளியும் இரும்பும் அவர்கள் மண்ணில் இருப்பது போலவா இருக்கும்? எந்தப் புத்தகம் கைக்கு வந்தாலும் திறந்து பாருங்கள். தங்கம் இப்போது எங்கே இருக்கிறது, வடிதாளிலா, தண்ணீரிலா, அடியிலா என்று ஒவ்வொரு கட்டத்திலும் கேட்க வைக்கிறதா? எதிர்பார்த்தது நடக்காவிட்டால் என்ன செய்வது என்று சொல்கிறதா? சோதிக்காமல் ஒரு சொட்டையும் வெளியே ஊற்றாதே என்று சொல்கிறதா? மிஞ்சிய தண்ணீரில் இரும்புத் துண்டைப் போட்டுச் செம்பைப் படியவைத்த பிறகும் அதை என்ன செய்வது என்று ஒரு அத்தியாயமாவது இருக்கிறதா? இல்லையென்றால் அதை மூடி வையுங்கள், எவ்வளவு தடிமனாக இருந்தாலும் சரி. உங்கள் அப்பா உரைகல்லில் உரசி மாற்றுப் பார்க்காமல் ஒரு நகையையாவது உருக்கும் மூசையில் போட்டிருக்கிறாரா? அவரையே கேளுங்கள்.

பழைய நூல்களில், சுரங்கத்தையும் உலோகத்தையும் பற்றி 1556-ல் லத்தீனில் வந்த ஜெர்மானிய அறிஞர் அக்ரிகோலாவின் 'டி ரே மெட்டாலிகா'வை ஆசைக்குப் படிக்கலாம். சுரங்கப் பொறியாளராக இருந்து பிற்பாடு அமெரிக்க அதிபரான ஹூவரும் அவர் மனைவி லூவும் 1912-ல் ஆங்கிலத்தில் கொண்டுவந்தார்கள். அதில் கூட அக்ரிகோலா, மாதிரி எடுத்து மதிப்பறிவதற்கு ஒரு முழுப் பகுதி ஒதுக்கிவிட்டுத்தான் பெரிய உலைக்குப் போகிறார். மரச்செதுக்குப் படங்களுக்காகவே பார்க்கலாம். செய்முறைக்கு வேண்டாம். வேதியியல் அடிப்படைக்கு நம் பிளஸ் டூ புத்தகத்தின் உலோகவியல் பாடம் போதும், தமிழிலேயே இருக்கிறது.

ஹோக்கின் புத்தகத்துக்கு 80 வயது தாண்டிவிட்டது. பாதுகாப்பை அதிலிருந்து மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒவ்வொரு ரசாயனத்துக்கும் தயாரிப்பாளர் தரும் பாதுகாப்புத் தாளைக் கேட்டு வாங்குங்கள். வெள்ளிக் கரைசலில் அம்மோனியா சேர்த்து அப்படியே வைத்தால் வெடிக்கும் பொருள் உண்டாகும் என்பது தெரியாமல் இந்த வேலையில் யாரும் கை வைக்கக் கூடாது.

மொட்டைமாடியில் செய்யப்போகிறேன் என்று குழந்தையின் பெயரைச் சொல்லி எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் கோபம்தான் வந்தது. நைட்ரிக்கில் செம்பும் வெள்ளியும் கரையும்போது எழும் பழுப்புப் புகை காற்றைவிடக் கனமானது. மேலே போய்விடாது, மாடிப்படி வழியாக வீட்டுக்குள் இறங்கும். சுவாசித்தவுடன் லேசான இருமலோடு நின்றுவிட்டது போல இருக்கும். பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும், அப்போது மூச்சு கிடைக்காது. மூக்கில் துண்டைக் கட்டினால் நிற்கிற புகை இல்லை அது. புகையை இழுத்துக் கழுவி வெளியேற்றும் அமைப்பும் அதற்கான அனுமதியும் உள்ள இடத்தில்தான் இதைச் செய்ய வேண்டும், வீடு அந்த இடமில்லை. அந்த ஆசிட் பாட்டில் இன்னும் ஒரு நாள் கூட அங்கே வெயிலில் இருக்கக் கூடாது. வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். எடுக்கமாட்டேன் என்றால் அப்பா மண் கொடுக்கும் இடத்தில் ஒப்படையுங்கள்.

அந்த இடத்துக்கே இந்த வருஷம் அப்பாவோடு நீங்களும் போங்கள். மண்ணைக் கொடுக்குமுன் எடை போடுங்கள். நன்றாகக் கலந்து ஒரு பிடி தனியே எடுத்து மதிப்பீட்டு மையத்தில் கொடுத்து எவ்வளவு தங்கம் என்று எழுதி வாங்குங்கள். கடைசியில் கைக்கு வந்தது எவ்வளவு என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் எவ்வளவு என்று பார்த்துவிட்டு எனக்கு மறுபடி கடிதம் போடுங்கள். வீட்டிலேயே செய்வதில் லாபம் உண்டா என்பதை அந்த எண்ணை வைத்துப் பேசலாம்.

அன்புடன்,
அக்கா