60 சென்டில் எவ்வளவு பூ, எவ்வளவு காய்?

கேள்வி: பூதப்பாண்டி பக்கம் 60 சென்ட் இருக்கிறது. வேலைக்கு நானும் வீட்டுக்காரரும் மட்டும்தான். ரசாயனம் இல்லாமல் காய்கறியும் வாசனைப் பூவும் போட ஆசை. பாதி நிலத்தில் பிச்சி வைக்கலாம் என்கிறார் அவர். சரிவருமா? பூச்சியை எப்படிச் சமாளிப்பது?
- வாசகி, பூதப்பாண்டி

பதில்: பாதி நிலம் வேண்டவே வேண்டாம். விடிவதற்குள் பறிக்க எத்தனை கை இருக்கிறது என்று பார்த்துத்தான் பிச்சி வைக்க வேண்டும். விரியாத மொட்டாகப் பறித்து, வெயில் ஏறும் முன் தோவாளை சந்தையில் சேர்த்தால்தான் விலை. இரண்டு பேருக்கு 5 சென்ட் போதும், அதுவே இடுப்பை ஒடிக்கும்.

இன்னொரு 10 சென்டில் சம்பங்கி வையுங்கள். கிழங்கு நட்டு மூன்று மாதத்தில் பூக்கத் தொடங்கி, இரண்டு மூன்று வருஷம் அதே நடவிலிருந்து எடுக்கலாம், உதிரியாகவும் போகும், அடுக்குச் சம்பங்கி என்றால் தண்டோடு வெட்டிக் கல்யாண அலங்காரக்காரர்களுக்கும் கொடுக்கலாம். அடியில் இரண்டு மூன்று மொட்டு விரிந்திருக்கும்போது, காலைக் குளிர்ச்சியிலேயே வெட்டி, வெட்டிய கையோடு வாளித் தண்ணீரில் நிறுத்திவிடுங்கள். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று உங்கள் பக்கம் எப்படி அடிக்கும் என்று தெரியுமே, தண்டு சாய்ந்துவிடும். காற்று வரும் பக்கம் அகத்தியும் கிளைரிசிடியாவும் நெருக்கமாக நட்டால் தடுப்புக்குத் தடுப்பு, தழைக்குத் தழை.

சம்பங்கிக்கு வேரில் நூற்புழு (கண்ணுக்குத் தெரியாத மண்புழு வகையல்லாத நுண்புழு) வரும். நடுவே கேந்தி (செண்டுமல்லி) வரிசை போட்டால் குறையும், ஓணத்துக்குப் பூக்கிற மாதிரி நட்டால் அதற்கும் காசு. பிச்சியில் மொட்டுப்புழு துளைத்த மொட்டுகளைச் செடியடியில் உதிர விடாமல் பொறுக்கி எரித்துவிடுங்கள். அப்புறம் அரை கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து ராத்திரி ஊறவைத்து வடிகட்டி, 10 லிட்டராக்கி, கொஞ்சம் காதி சோப்பு கரைத்துச் சாயங்காலம் தெளியுங்கள். மார்கழி வாக்கில் கவாத்து செய்து, தொழு உரம் போடுங்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், பூச்சந்தையில் இயற்கைப் பூ என்று யாரும் கூடுதல் விலை தரமாட்டார்கள். முகூர்த்தத்துக்கும் ஓணத்துக்கும் ஏறும், மறுநாளே இறங்கும். இயற்கை விவசாயத்துக்கான மதிப்பு காய்கறியில்தான் கிடைக்கும். அதனால் மிச்ச 45 சென்டிலும் வழுதலங்காய் (கத்தரி), வெண்டை, பயறு, தடியங்காய் (நீர்ப்பூசணி), கீரை என்று மாற்றி மாற்றிப் போட்டு, நாகர்கோவிலில் சில வீடுகளுக்கு வாராவாரம் நேரடியாகக் கொடுங்கள், மிஞ்சியதை வடசேரி உழவர் சந்தைக்குக் கொண்டுபோகலாம். சான்றிதழ் வேண்டுமென்றால் பக்கத்து விவசாயிகளோடு குறைந்தது ஐந்து பேராகச் சேர்ந்து பிஜிஎஸ் (விவசாயிகளே ஒருவர் நிலத்தை ஒருவர் பார்த்துச் சான்று தரும் முறை) குழுவாகப் பதியுங்கள், செலவு மிகக் குறைவு. பக்கத்து வயலில் மருந்தடித்தால் உங்கள் பக்கம் வராமல் வரப்போரம் உயர வேலி இருக்க வேண்டும்.

தோவாளையிலேயே வேளாண் பல்கலைக்கழகத்தின் மலரியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நாற்றுக்குப் பணம் கொடுக்கும் முன் இருவரும் ஒருமுறை அங்கே போய்ச் செடிகளைப் பார்த்து விசாரித்துவிடுங்கள்.