‘பரவக்கூடிய எதிர்ப்பு’ என்றால் எது, யாருக்குப் பரவுகிறது?

கேள்வி: அப்பா 12 நாட்களாக ஐசியூவில் வென்டிலேட்டரில் இருக்கிறார். சளி கல்ச்சரில் கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியா வந்திருக்கிறது. ரிப்போர்ட்டில் முக்கால்வாசி மருந்துகளுக்கு நேரே ‘ஆர்’ (ரெசிஸ்டன்ட், அதாவது அந்த மருந்துக்குக் கிருமி அடங்காது) என்று இருக்கிறது. “இது பரவக்கூடிய எதிர்ப்பு” என்றார் டாக்டர். வீட்டில் 8 மாதக் குழந்தை இருக்கிறது. நான் அப்பாவைப் போய்ப் பார்க்கலாமா?

பதில்: தாராளமாகப் போய்ப் பாருங்கள். போகும்போதும் வரும்போதும் கைதான் முக்கியம். அதற்குப் பிறகு வருகிறேன்.

உங்களைப் பயமுறுத்தியது ‘பரவக்கூடிய’ என்ற சொல். ஒரு பாக்டீரியா, மருந்துக்கு அடங்காத தன் எதிர்ப்புத்திறனை இன்னொரு பாக்டீரியாவுக்குக் கைமாற்றுவதைத்தான் டாக்டர் அப்படிச் சொல்லியிருப்பார். பல பாக்டீரியாக்களுக்குள் முக்கிய டிஎன்ஏ போக, பிளாஸ்மிட் என்ற சிறிய டிஎன்ஏ வளையமும் இருக்கும். எதிர்ப்பு ஜீன்கள் பெரும்பாலும் குடியிருப்பது அதில்தான். கிளெப்சியெல்லா மெல்லிய இழை ஒன்றை நீட்டிப் பக்கத்துக் கிருமியை இழுத்து ஒட்டிக்கொண்டு, பிளாஸ்மிட்டின் நகலை அதற்குள் அனுப்பிவிடும். தன்னுடையதை இழப்பதும் இல்லை. வாங்குகிற கிருமி வேறு இனமாகவும் இருக்கலாம். குடலில் சாதுவாக இருக்கும் ஈ.கோலைகூட வாங்கிக்கொள்ளும்.

இதை ஆய்வகத்தில் கண்ணால் பார்க்கலாம். எதிர்ப்புள்ள கிருமியையும் இல்லாத கிருமியையும் ஒரே குழாயில் கலந்து வைப்போம். பிறகு இரண்டு மருந்துகள் சேர்த்த தட்டில் தடவுவோம். ஒரு மருந்து, பிளாஸ்மிட்டைக் கொடுத்த கிருமியைக் கொல்லும்; மற்றது, அதை வாங்காத கிருமியைக் கொல்லும். மறுநாள் காலை தட்டில் புள்ளி புள்ளியாக வளர்ந்திருந்தால், அவை எல்லாம் பிளாஸ்மிட்டை வாங்கிக்கொண்டவை.

ஒரே பிளாஸ்மிட்டில் பல மருந்துகளுக்கான ஜீன்கள் சேர்ந்தே இருக்கலாம். அப்பாவுக்குக் கொடுக்காத மருந்துக்கு நேரேயும் ‘ஆர்’ விழுந்திருந்தால் இதுவும் ஒரு காரணம். 1950களின் கடைசியில் ஜப்பானில் வயிற்றுக்கடுப்பு உண்டாக்கும் ஷிகெல்லாவில், நான்கு வகை மருந்துகளுக்கான எதிர்ப்பு ஒரே மூச்சில் கைமாறுவதைக் கண்டபோதுதான் இந்த விஷயமே வெளிச்சத்துக்கு வந்தது.

ஐசியூ இதற்குத் தோதான இடம். மருந்துகள் சாதாரணக் கிருமிகளை அழித்து, எதிர்ப்புள்ளவற்றுக்கு இடத்தைக் காலி செய்து கொடுக்கின்றன. மூச்சுக்குழாய், சிறுநீர்க் குழாய் என்று உள்ளே போக வழிகளும் உண்டு. ஒரு படுக்கையிலிருந்து அடுத்ததற்குக் கிருமியைச் சுமப்பது பெரும்பாலும் மனிதர்களின் கைகள். கை கழுவும் தொட்டியின் வடிகால்கூட ஒளிவிடம்தான். பார்வையாளர்கள் மீந்த காபியை அதில் கொட்டாமல் இருந்தால் புண்ணியம்.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது. உள்ளே நுழையுமுன்னும் வெளியே வந்ததும் ஆல்கஹால் திரவத்தை 20 முதல் 30 விநாடி, கை காயும்வரை தேய்க்க வேண்டும். ஆன்டிபயாட்டிக்குக்கு அசையாத கிருமியும் ஆல்கஹாலில் சாகும். கையில் அழுக்கோ ஈரமோ தெரிந்தால் சோப்பும் தண்ணீரும்தான். கட்டில் கம்பியைத் தொட்ட கையோடு செல்போனை எடுப்பதுதான் எல்லோரும் சறுக்கும் இடம். கவுன், கையுறை போடச் சொன்னால் போட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் கை கழுவிவிட்டுக் குழந்தையைத் தூக்கலாம். ஆரோக்கியமான குழந்தைக்கு ஆபத்து மிகக் குறைவு. குறைப்பிரசவக் குழந்தையென்றாலோ நோய் எதிர்ப்புச் சக்தி குறைவென்றாலோ குழந்தையின் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். முன்னெச்சரிக்கை என்று நீங்களாக ஆன்டிபயாட்டிக் மாத்திரை போட்டுக்கொள்ளாதீர்கள். மேலே சொன்ன இடத்தைக் காலி செய்யும் வேலையை அது உங்கள் குடலிலேயே தொடங்கிவிடும்.

அப்புறம், டாக்டரிடம் ஒன்று கேளுங்கள்: “இந்தக் கிருமி நோயை உண்டாக்குகிறதா, சும்மா குடியிருக்கிறதா?” சளியில் கிருமி வந்தாலே நிமோனியா என்று அர்த்தமில்லை. காய்ச்சல், எக்ஸ்ரே, ஆக்ஸிஜன் தேவை எல்லாம் சேர்த்துத்தான் முடிவு செய்வார்கள். சும்மா குடியிருந்தால் பொதுவாக மருந்தே வேண்டாம்.

அப்பா வீடு திரும்பிய பிறகும் கிருமி குடலில் பல மாதங்கள் தங்கலாம். அந்த ரிப்போர்ட்டைப் பத்திரமாக வையுங்கள். மறுபடி எங்காவது சேர்க்க நேர்ந்தால், அவர்கள் மருந்தைத் தொடங்குமுன் அதைத்தான் முதலில் நீட்ட வேண்டும்.