ஹட்சனை ஏன் கைவிட்டார்கள்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஹட்சன் வளைகுடாவைப் பள்ளிக்கூட அட்லஸில் பார்த்திருக்கிறோம். அந்த ஹட்சனை அவருடைய கப்பல் ஆட்களே படகில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள் என்று படித்தேன். உண்மையா? அந்த அளவுக்கு அவர் என்னதான் செய்தார்?

பதில்: உண்மைதான். 1611 ஜூனில், அந்த வளைகுடாவின் தென்கோடியில், இன்று ஜேம்ஸ் வளைகுடா என்கிறார்களே, அங்கே நடந்தது. ஆங்கிலேயக் கடலோடி ஹென்றி ஹட்சன், அவருடைய இளவயது மகன் ஜான், கூட ஏழு பேர், ஆக ஒன்பது பேரைச் சின்னப் படகில் ஏற்றிக் கயிற்றை அறுத்துவிட்டார்கள். அவர்களில் பலர் எழுந்து நடக்கவே முடியாத நோயாளிகள். ஹட்சன் மேல் எத்தனை குறை சொன்னாலும் இது கொலை, இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அவர் மேல் குறை இல்லாமலும் இல்லை. 1610 ஏப்ரலில் 'டிஸ்கவரி' கப்பலில் லண்டனைவிட்டுக் கிளம்பியது, அமெரிக்கக் கண்டத்துக்கு வடக்கே புகுந்து ஆசியாவுக்குப் போகிற கடல்வழியைத் தேடி. ஆகஸ்ட் தொடக்கத்தில் பெரிய கடல் ஒன்று விரிந்தது, தெற்கே இறங்கினார், வழி அடைத்துக்கொண்டது. அதற்குப் பிறகும் அங்கேயே மேலும் கீழுமாக அலைந்ததில் நவம்பர் வந்துவிட்டது, கப்பல் பனியில் உறைந்து நின்றுவிட்டது. இதற்கிடையில் செப்டம்பரிலேயே, துணை அதிகாரி ராபர்ட் ஜூவெட் ஆட்களைத் தூண்டிவிடுகிறார் என்று எல்லார் முன்னாலும் விசாரணை வைத்துப் பதவியைப் பறித்து ராபர்ட் பைலாட்டுக்குக் கொடுத்தார். பதவி போன ஜூவெட்டும் அதே கப்பலில்தானே குளிர்காலம் முழுக்க இருந்தாக வேண்டும்?

அப்புறம் அந்தச் சாம்பல் நிற அங்கி. பீரங்கிக்காரர் ஜான் வில்லியம்ஸ் நவம்பரில் இறந்துபோனார். கப்பலில் இறந்தவரின் துணிமணிகளைப் பாய்மரத்தடியில் வைத்து ஏலம் விடுவது அந்தக் காலத்து வழக்கம். ஹென்றி கிரீன் என்ற இளைஞன் அந்த அங்கியைத் தனக்குத் தரும்படி கேட்டான், ஹட்சனும் சரி என்றார். இந்தக் கிரீன் லண்டனில் ஹட்சன் வீட்டிலேயே தங்கியிருந்த செல்லப்பிள்ளை, முதலாளிகளின் கணக்கில் பெயர்கூட இல்லாமல் அவர் தயவில் கப்பல் ஏறியவன். அந்தச் சமயம் கரையில் ஒரு வீடு கட்டச் சொல்லி ஹட்சன் உத்தரவிட, தச்சர் பிலிப் ஸ்டாஃப், இந்தக் குளிரில் முடியாது, நான் கப்பல் தச்சன், வீட்டுத் தச்சன் இல்லை என்று மறுத்துவிட்டார். சண்டை போட்ட மறுநாள் அந்தத் தச்சரோடு கிரீன் வேட்டைக்குப் போனான். அவ்வளவுதான், கோபத்தில் அங்கியைத் தூக்கிப் பைலாட்டிடம் கொடுத்துவிட்டார் ஹட்சன். கேட்கப் போன கிரீனை, உன் உறவுக்காரர்களே உன்னை நம்பி இருபது ஷில்லிங் தரமாட்டார்கள், நான் எப்படி நம்புவது என்று எல்லார் முன்னாலும் பேசினார். அந்தக் குளிரில் ஒரு கம்பளி அங்கிக்கு என்ன மதிப்பு என்று யோசித்துப் பாருங்கள், கிரீன் அதை மறக்கவில்லை.

குளிர்காலத்தில் பறவைகள் நிறையக் கிடைத்ததால் வயிற்றுப்பாடு ஓடியது. வசந்தத்தில் அவை பறந்துபோனதும் பாசியையும் தவளையையும் தின்றார்கள், அந்தப் பாசிக்கு மரத்தூளே மேல் என்று உயிர்தப்பியவர் ஒருவர் எழுதியிருக்கிறார். ஜூனில் பனி விட்டதும் மிச்சமிருந்த ரொட்டியைத் தலைக்கு ஒரு பவுண்டு வீதம் பங்கிட்டபோது ஹட்சன் அழுதாராம். பாலாடைக்கட்டியை எடுத்தபோது ஐந்துதான் வந்தது, ஒன்பது இருந்ததே, மீதி எங்கே என்று ஆட்கள் முணுமுணுத்தார்கள். போதாததற்குப் பைலாட்டையும் நீக்கிவிட்டு, எழுதப்படிக்கத் தெரியாத ஜான் கிங்கைத் துணை அதிகாரி ஆக்கினார். வழி தெரிந்தவர்களையெல்லாம் ஒதுக்கிவிட்டு, கேப்டன் தனக்கு வேண்டியவர்களுக்கு மட்டும் உள்ளுக்குள் தீனி கொடுக்கிறார் என்ற பேச்சு பரவிவிட்டது.

கலகத்துக்குப் பின் ஹட்சனின் அறையைக் குடைந்தபோது இருநூறு பிஸ்கட், கொஞ்சம் மாவு, ஒரு பீப்பாய் பீர் கிடைத்ததாகச் சொன்னார்கள். 22 பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு ஒன்பது பிஸ்கட். ஊர் திரும்பும் பயணத்துக்காகக் கேப்டன் எடுத்து வைத்திருக்கலாம், வைக்கவும் வேண்டும். ஆனால் என்ன இருக்கிறது என்று எல்லார் கண்ணெதிரே எண்ணிக் காட்டியிருந்தால் கிரீனுக்கும் ஜூவெட்டுக்கும் இத்தனை ஆள் சேர்ந்திருக்காது என்றே நினைக்கிறேன். பசியைவிட அந்தச் சந்தேகம்தான் கப்பலைக் கெடுத்தது.

விடிகாலையில் அறையைவிட்டு வெளியே வந்த ஹட்சனை இரண்டு பேர் பிடிக்க, மூன்றாவது ஆள் பின்னாலிருந்து கைகளைக் கட்டினான். என்ன இது என்று கேட்டதற்கு, படகில் இறங்கினால் தெரியும் என்றார்கள். தச்சர் ஸ்டாஃபைக் கப்பலிலேயே இருக்கச் சொன்னார்கள், தச்சர் இல்லாமல் அவர்களுக்கு ஆகாது. ஹட்சனோடு சண்டை போட்ட அதே ஸ்டாஃப் மறுத்துவிட்டு, தன் பெட்டி, ஒரு துப்பாக்கி, மருந்தும் குண்டும், கொஞ்சம் மாவு, ஓர் இரும்புச் சட்டி, இவற்றை வாங்கிக்கொண்டு தானாகவே படகில் இறங்கினார். இந்தக் கதையில் நான் கையெடுத்துக் கும்பிடுகிற ஒரே மனிதர் அவர்தான்.

கேள்வி: கலகக்காரர்கள் ஊர் போய்ச் சேர்ந்தார்களா? தூக்கில் போட்டிருப்பார்களே?

பதில்: கப்பலில் மிஞ்சிய 13 பேரில் 8 பேர் சேர்ந்தார்கள். ஜூலை கடைசியில் டிக்ஸ் தீவுப் பக்கம் அந்தப் பனிப்பகுதியின் பழங்குடியினரான இனுயிட் மக்களோடு நடந்த சண்டையில் கிரீனும் இன்னும் மூன்று பேரும் செத்தார்கள். ஜூவெட் அயர்லாந்து கண்ணில் படுவதற்குச் சற்று முன் பட்டினியில் போனார். மற்றவர்கள் பறவை எலும்பை மெழுகுவத்திக் கொழுப்பில் வறுத்து, வினிகர் ஊற்றித் தின்று செப்டம்பரில் அயர்லாந்துக் கரையைத் தொட்டார்கள்.

விசாரித்த டிரினிட்டி ஹவுஸ் என்ற கடலோடிகள் சங்கத்தார், இவர்கள் தூக்குக்கு உரியவர்கள் என்றுதான் கருத்துச் சொன்னார்கள். ஆனால் யாரையும் தூக்கில் போடவில்லை. கொலை வழக்கு 1618இல்தான் நடந்தது, அதிலும் விடுதலை. காரணம் எனக்குத் தெளிவாகவே தெரிகிறது: ஆசியாவுக்கு வழி அங்கேதான் இருக்கிறது என்று பணம் போட்டவர்கள் நம்பினார்கள், அந்தக் கடலைப் பார்த்தவர்களோ இவர்கள்தான். 1612லேயே தாமஸ் பட்டன் தலைமையில் அடுத்த கப்பல்கள் கிளம்பியபோது பைலாட்டும், உயிர்தப்பிய இன்னொருவரான பிரிக்கெட்டும் அதில் போனார்கள். 1616இல் பைலாட் கேப்டனாகவும் வில்லியம் பாஃபின் வழிகாட்டியாகவும் அதே டிஸ்கவரியில் போய்த்தான் பாஃபின் வளைகுடாவை அளந்து வந்தார்கள்.

இந்தப் பிரிக்கெட்டைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஆபக்கக் பிரிக்கெட், பயணத்துக்குப் பணம் போட்ட சர் டட்லி டிக்ஸின் வேலைக்காரர். மேலே சொன்ன கதையில் பெரும்பகுதி அவர் எழுதி வைத்ததுதான். கட்டிப்போட்ட ஹட்சன் பிரிக்கெட்டின் அறைச் சாளரத்தருகே வந்து, ஜூவெட் நம் எல்லாரையும் கெடுத்துவிடுவான் என்று சொன்னதாகவும், இல்லை, அந்தப் பாவி கிரீன்தான் என்று தான் உரக்கப் பதில் சொன்னதாகவும் எழுதுகிறார். ஜூவெட், கிரீன் இருவருமே செத்துப்போனவர்கள், பழியைச் சுமக்க அதைவிட வசதியானவர்கள் கிடையாது. ஹட்சனின் சொந்தக் குறிப்பேடோ 1610 ஆகஸ்ட் 3 வரைதான் கிடைத்திருக்கிறது, மீதி இல்லை. அங்கி, பாலாடைக்கட்டி சமாச்சாரங்களைப் பிரிக்கெட் கற்பனை செய்ய வேண்டிய அவசியம் இல்லை, அதை நம்புகிறேன். கலகத்தில் உயிரோடு திரும்பியவர்களுக்குப் பங்கே இல்லை என்பதை நம்ப மாட்டேன்.

கேள்வி: படகில் விட்டவர்கள் என்ன ஆனார்கள்?

பதில்: யாருக்கும் தெரியாது. கலகக்காரர்கள் சற்றுத் தூரம் போய்ப் பாயைச் சுருட்டிவிட்டுக் கப்பலைக் கொள்ளையடித்துக்கொண்டிருந்தபோது படகு பின்தொடர்ந்து வருவதைப் பார்த்து, எதிரியைக் கண்டது போல் எல்லாப் பாயையும் விரித்து ஓடினார்கள். படகில் இருந்தவர்களைக் கடைசியாகப் பார்த்தது அப்போதுதான். இருபது ஆண்டு கழித்து அதே வளைகுடாவில் குளிர்காலம் கழித்த தாமஸ் ஜேம்ஸ், ஒரு தீவில் இரும்புக் கருவியால் சீவி மண்ணில் அடித்த மரக் கழிகளைப் பார்த்தார். அவை ஹட்சன் ஆட்கள் நட்டதாக இருக்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு, உறுதியான சான்று கிடையாது.

ஹட்சனின் மனைவி கேத்தரின் வறுமையில் விடப்பட்டார். 1614இல் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் போய், கணவர் நாட்டுக்காக உயிரைவிட்டார், இன்னொரு மகன் ரிச்சர்டுக்காவது வேலை கொடுங்கள் என்று கேட்டார். கம்பெனி பையனைச் சேர்த்துக்கொண்டு, தேவையான சாமான் வாங்க ஐந்து பவுண்டு கொடுத்தது.