புதுச்சேரியில் படிக்கும் மாணவர்கள் வகுப்பில்லாத நேரத்தில் எங்கே போவார்கள்?

புதுவைப் பல்கலைக்கழகத்தில் சேரப்போகும் ஒருவர் இதைக் கேட்டிருக்கிறார். சுற்றுலா வருகிறவர்கள் போகும் இடங்கள் தனக்குத் தெரியும், அங்கேயே தங்கிப் படிக்கிறவர்கள் போகும் இடங்கள்தான் வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார்.

நான் பண்ருட்டிக்காரி. பல்கலைக்கழகம் இருக்கும் காலாப்பட்டில், ஹாஸ்டலில் தங்கி இரண்டு வருஷம் வரலாறு முதுகலை படித்தேன். எனக்குப் பிடித்த இடங்களுக்கெல்லாம் ஒரே காரணம்தான்: காசு கொடுக்காமல், யாருக்கும் பதில் சொல்லாமல், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம். எங்கள் ஊரில் ஒரு பெண் தனியாக அரை மணி நேரம் உட்கார வேண்டும் என்றால் கோயில் பிராகாரம் இருக்கிறது, பஸ் ஸ்டாண்டு இருக்கிறது. பஸ் ஸ்டாண்டிலும் "எந்த ஊருக்கும்மா போகணும்?" என்று யாராவது வந்து நின்றுவிடுவார்கள்.

அதனால் என் கணக்கில் முதல் இடம் பீச் ரோடுதான். எல்லாரும் சொல்வதுதானே என்று நினைக்காதீர்கள். சாயங்காலம் ஆறு மணியிலிருந்து மறுநாள் காலை ஏழரை வரை அங்கே வண்டி விட மாட்டார்கள். சுமார் ஒன்றரை கிலோமீட்டர் ரோடு முழுக்க நடக்கிறவர்களுக்கு மட்டும். செஞ்சியிலிருந்து கொண்டுவந்த கல்தூண்களுக்கு நடுவே நிற்கும் காந்தி சிலையைச் சுற்றி எப்போதும் கூட்டம் இருக்கும். அங்கே நிற்காமல் தெற்கே, பிரெஞ்சுக்காரர் காலத்து கவர்னர் டூப்ளேயின் சிலைப் பக்கம் நடந்துவிடுங்கள், பேச்சுச் சத்தம் அடங்கி அலைச் சத்தம் கேட்க ஆரம்பிக்கும். முதல் செமஸ்டர் பரீட்சைக்கு அங்கே விளக்குக் கம்பத்துக்குக் கீழே உட்கார்ந்துதான் படித்தேன். ராத்திரி எட்டரை மணி. குடும்பம் குடும்பமாக ஆட்கள் என்னைத் தாண்டிப் போனார்கள். ஒருத்தரும் திரும்பிப் பார்த்து என்ன ஏது என்று கேட்கவில்லை. சுண்டல் விற்கும் அண்ணா மட்டும், "மழ வர்ற மாதிரி இருக்கும்மா, புக்க உள்ள வை" என்று சொல்லிவிட்டுப் போனார். பாண்டி என்றாலே எங்கள் சொந்தக்காரர்களுக்கு வேறு நினைப்பு. நான் பார்த்த பாண்டி இதுதான்.

அந்தக் கரையைப் பற்றி ஒன்று தெரிந்துகொண்டு போய் உட்காருங்கள். அங்கே முன்பு நல்ல மணல் இருந்தது. 1980களின் கடைசியில், தெற்கே அரியாங்குப்பம் ஆறு கடலில் சேரும் இடத்தில் துறைமுகத்துக்காக அலைத்தடுப்புச் சுவர் கட்டினார்கள். இந்தக் கடலோரத்தில் வருஷத்தில் முக்கால்வாசி நாள் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். சுவர் அதை மறித்துவிட்டது. தெற்குப் பக்கம் மணல் மேடானது, வடக்கே கடல் அரிக்க ஆரம்பித்தது. கரையைக் காப்பாற்றக் கருங்கல் கொட்டினார்கள். கல் கொட்டிய இடம் தப்பித்தது, அதற்கு அடுத்த குப்பத்தை அலை தின்றது. தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தார் தலைமைச் செயலகத்துக்கு எதிரே தண்ணீருக்கடியில் இரும்பால் ஒரு தடுப்பை இறக்கிய பிறகு, 2018 வாக்கில் அந்தப் பக்கம் கொஞ்சம் மணல் திரும்பி வந்தது. சின்னப் பிள்ளைகள் விளையாடுவதைப் பார்க்க நான் அங்கே போவேன்.

வடக்கே என்ன ஆயிற்று என்று பார்க்க நீங்கள் தூரம் போக வேண்டாம். கேம்பஸ் பக்கத்திலேயே, தெற்கே நடந்தால் பிள்ளைச்சாவடி. எங்கள் வகுப்பில் நாலைந்து பேர் சனிக்கிழமை காலையில் அங்கே போய் உட்காருவோம். படகு கரையேறும் நேரம் அது. வலையிலிருந்து மீனைக் கழற்றும் கைகளை முதன்முதலாக அவ்வளவு பக்கத்தில் பார்த்தேன். கட்டை விரல் நகத்தைச் செவுளுக்குள் விட்டு ஒரு திருப்பு, மீன் கூடையில் விழும். வலையில் ஒரு கண்ணிகூடக் கிழியாது. ஒரு ஆயா தினமும் அதே இடத்தில் உட்கார்ந்திருப்பார். அவர் வீடு எங்கே என்று கேட்டேன். கடலைக் காட்டினார். "அங்க அலை உடையுது பாரு பாப்பா, அதுக்கும் அந்தாண்ட. திண்ணையில குந்தினுதான் நெல்லு காய வைப்பேன்." அதற்குப் பிறகு அலைத்தடுப்புச் சுவர் என்ற சொல்லைப் பாடத்தில் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் திண்ணைதான் ஞாபகம் வரும்.

இதையும் சொல்லியாக வேண்டும். காலாப்பட்டிலும் பிள்ளைச்சாவடியிலும் கடலில் குளிக்க இறங்காதீர்கள். நீச்சல் தெரிந்தாலும் இறங்காதீர்கள். தரை சட்டென்று ஆழமாகிவிடும், இழுப்பு அதிகம். முட்டியளவு தண்ணீரில் நிற்கும்போதே காலடி மணல் கரைந்து ஓடுவது தெரியும். மீன்காரர்கள் வேண்டாம் என்று சொன்னால் அது மிரட்டல் இல்லை.

கேம்பஸுக்குள்ளேயே பொழுது போய்விடும் என்று சீனியர்கள் சொல்வார்கள், உண்மைதான். ஏறத்தாழ 800 ஏக்கர், காலாப்பட்டின் செம்மண். முந்திரி மரத்தைப் பார்த்தாலே பண்ருட்டிக்காரர்களுக்கு வீட்டு ஞாபகம் வந்துவிடும். பல்கலைக்கழக நூலகத்துக்கு ஆனந்தரங்கப் பிள்ளையின் பெயர் வைத்திருக்கிறார்கள். டூப்ளேவுக்குத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்த்துச் சொல்லும் இடையாளாக இருந்து, 1736லிருந்து 1761 வரை நாள்குறிப்பு எழுதியவர். அரிசி விலையும் எழுதுவார், சண்டையும் எழுதுவார், கப்பல் வந்ததும் எழுதுவார். அவர் எழுதிய ஊரிலேயே அதைப் படிப்பது தனிச் சுகம். நாள்குறிப்பில் ஒரு தெருவைப் பற்றி வந்தால் மறுநாள் பஸ் ஏறிப் போய் அந்தத் தெருவிலேயே நடக்கலாம்.

டவுனில் உட்கார இடம் கேட்டால் ரோமன் ரோலண்ட் நூலகத்தைச் சொல்வேன். 1827ல் தொடங்கியது. 1966ல், அந்த பிரெஞ்சு எழுத்தாளரின் நூற்றாண்டில் இந்தப் பெயர் வைத்தார்கள். காலையில் பேப்பர் படிக்க வரும் பெரியவர்களும் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளும் ஒரே மேஜையில் இருப்பார்கள். கண் வலித்தால் பக்கத்திலேயே பாரதி பூங்கா இருக்கிறது. மதியம் இரண்டு மணி வெயிலில்கூட அங்கே மரத்தடியில் இடம் கிடைக்கும். நாங்கள் ஹாஸ்டலில் கட்டி வந்த புளிசாதத்தை பூங்கா நடுவில் இருக்கும் ஆயி மண்டபத்தைப் பார்த்தபடி சாப்பிடுவோம். ஒயிட் டவுன் கஃபேக்களில் ஒரு காபிக்குக் கொடுக்கும் காசில் மாணவர்கள் இரண்டு வேளை சாப்பிட்டுவிடலாம். பிறந்தநாளுக்கு ஒருமுறை போங்கள், போதும்.

ஞாயிற்றுக்கிழமை என்றால் காந்தி வீதியில் சண்டே மார்க்கெட். பக்கெட், போர்வை, செருப்பு, சட்டை எல்லாம் அங்கேதான் வாங்குவோம். எனக்கு அதில் பிடித்தது நடைபாதையில் பரப்பியிருக்கும் பழைய புத்தகம்தான். குந்தி உட்கார்ந்து ஒரு மணி நேரம் புரட்டினாலும் கடைக்காரர் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை.

வரலாறு, தமிழ், தொல்லியல் படிக்கிறவராக இருந்தால் அரிக்கமேட்டுக்குக் கட்டாயம் போங்கள். மற்றவர்களும் போகலாம். கடலூர் போகும் பஸ்சில் அரியாங்குப்பத்தில் இறங்கி, காக்காயந்தோப்பு வழியாக நடக்க வேண்டும். ஆற்றங்கரையில் மாந்தோப்பு, இடிந்த செங்கல் சுவர்கள், அவ்வளவுதான் கண்ணுக்குத் தெரியும். 1945ல் மார்ட்டிமர் வீலர் என்ற தொல்லியல் அறிஞர் தோண்டியபோது ரோமாபுரியோடு நடந்த வணிகத்துக்குச் சான்றாக மட்பாண்டங்கள் கிடைத்த மண் அது. பாசிமணி செய்யும் தொழிலும் அங்கே நடந்திருக்கிறது. ஒரு நல்ல மழைக்கு மறுநாள் எங்கள் பேராசிரியரோடு போனோம். ஓடை அரித்த மண்ணில், கடுகைவிடக் கொஞ்சம் பெரியதாக, நீலமாக ஒன்று கிடந்தது. நடுவில் ஓட்டை. நான் கையை நீட்டுவதற்குள் சார், "எடுக்காதம்மா. அது எந்த இடத்துல, எந்த மண்ணுல கெடக்குதுன்னு தெரிஞ்சாதான் வயசு சொல்ல முடியும். உன் பர்ஸ்ல இருந்தா அது வெறும் பாசிமணி" என்றார். எல்லாரும் சுற்றிக் குனிந்து பார்த்தோம். பார்த்துவிட்டு அப்படியே விட்டுவிட்டு வந்தோம்.

ஆரோவில், சுண்ணாம்பாறு படகுத்துறை, தாவரவியல் பூங்கா எல்லாம் வீட்டிலிருந்து அப்பா அம்மா வரும்போது ஒருமுறை கூட்டிப் போகலாம். ஆரோவில்லில் இருக்கும் மாத்ரிமந்திர் என்ற தியான மண்டபத்துக்குள் போக முன்பதிவு வேண்டும். ஊசுட்டேரிக்கு மட்டும் குளிர்காலத்தில் தனியாகப் போய்வாருங்கள், விடியற்காலையில், பறவைகளுக்காக.

டவுனிலிருந்து காலாப்பட்டு பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். ராத்திரி நேரமாக ஆக பஸ் குறைந்துகொண்டே வரும். ஹாஸ்டல் கேட் மூடும் நேரத்தை முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொண்டு, பீச் ரோட்டிலிருந்து அதற்கு ஒன்றேகால் மணி நேரம் முன்பே கிளம்பிவிடுங்கள்.