மலை, நீர், மனிதர்: இன்றைய சீன ஓவியம் பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, சீன ஓவியம் என்றாலே மூடுபனி, மலை, அருவிதான் நினைவுக்கு வருகிறது. இப்போதும் அதையேதான் வரைகிறார்களா?

பதில்: வரைகிறவர்கள் நிறையப் பேர் உண்டு. படத்தில் மனிதர் எங்கே நிற்கிறார் என்று முதலில் தேடுங்கள். 11-ஆம் நூற்றாண்டில் ஃபான் குவான் வரைந்த மலைப்படம் 2 மீட்டருக்கு மேல் உயரம். அதன் அடியில் கோவேறு கழுதைகளை ஓட்டிப் போகிறவர்கள் எறும்பளவுதான். அந்த மலை அவர்களைப் பொருட்படுத்தவே இல்லை. இன்றைய ஓவியர்களுக்கு அந்த நிம்மதி கிடையாது. மலையைக் குடைந்தாயிற்று, ஆற்றை மறித்தாயிற்று.

கேள்வி: யாரிடமிருந்து பார்க்கத் தொடங்கலாம்?

பதில்: ஜி யுன்ஃபெய். 1963-இல் பெய்ஜிங்கில் பிறந்தவர். யாங்சி ஆற்றின் த்ரீ கார்ஜஸ் அணைக்காக 12 லட்சத்துக்கும் அதிகமானோர் ஊரைவிட்டுக் கிளம்ப வேண்டியிருந்தது. அந்த இடப்பெயர்வை 2009-இல் சுமார் 10 அடி நீளச் சுருளாக்கினார். நூற்றுக்கணக்கான மரக்கட்டைகளைச் செதுக்கி அச்சிட்ட படம் அது. தள்ளி நின்று பார்த்தால் பழங்காலத்து மலைக்காட்சி போலிருக்கும். கிட்டே போனால் மூட்டை முடிச்சுகளோடு ஜனங்கள். கோபத்தை இவ்வளவு மென்மையான கோட்டில் சொல்ல முடியும் என்பதை அவரிடம்தான் கண்டேன்.

அதே அணைப் பகுதியை லியு ஷியாவ்தொங் எண்ணெய் வண்ணத்தில் வரைந்திருக்கிறார். அதையும் பாருங்கள்.

கேள்வி: மனிதரே இல்லாத காட்டை யாரும் வரைவதில்லையா?

பதில்: சங் ஃபான்ஜி வரைகிறார். முகமூடி மனிதர்களை வரைந்து பெயர் பெற்றவர், பிறகு முட்புதர்களுக்கு வந்தார். ஒரே கையில் இரண்டு தூரிகை பிடிப்பார். ஒன்று சொன்னபடி கேட்கும், மற்றது தன் போக்கில் கீறிக்கொண்டு போகும்.

கேள்வி: சாய் குவோ சியாங் வெடிமருந்தால் வரைவது வெறும் வித்தைதானே?

பதில்: இல்லை. 2013-இல் ஷாங்காயின் ஹுவாங்பு ஆற்றில் ஆயிரக்கணக்கான பன்றிகள் செத்து மிதந்தன. மறு ஆண்டு அந்த நகரிலேயே, 27 மீட்டர் நீளத்தில், ஆற்றோரத்துப் பண்ட் வீதியை மனிதர் ஒழிந்த இடமாகக் காட்டினார். செடிகொடிகளும் விலங்குகளும் அதை எடுத்துக்கொண்டுவிட்டன. தாளில் வெடிமருந்தைத் தூவிக் கொளுத்தும்போது எது எவ்வளவு கருகும் என்பது முழுக்க அவர் கையில் இல்லை. இந்தப் படத்துக்கு அந்த முறைதான் சரி.

கேள்வி: பள்ளிப் பிள்ளைகளுக்கு எதைக் காட்டலாம் அக்கா?

பதில்: ஷூ பிங்கின் 'பின்னணிக் கதை' வரிசை. ஒளிரும் கண்ணாடியில் அழகான மலைக்காட்சி தெரியும். அது ஓவியமே அல்ல, பின்னால் காய்ந்த கிளைகளும் நாரும் காகிதக் குப்பையும் ஒட்டியிருக்கும். முன்பக்கத்தைக் காட்டி, எதனால் செய்தது என்று பிள்ளைகளையே ஊகிக்கச் சொல்லுங்கள். பிறகு பின்பக்கத்தைக் காட்டுங்கள்.