சி-யோடு சேரும் அசெம்ப்ளி: ஒரு கடிதம்

வணக்கம் ஐயா,

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து எழுதுகிறேன். இன்ஜினியரிங் கடைசி வருடம். ப்ராஜெக்ட்டுக்காக, ஒரு வரிசையில் உள்ள எண்களைக் கூட்டும் சின்ன ஃபங்ஷனை அசெம்ப்ளியில் (சிப்பின் கட்டளைகளை நேரடியாக எழுதும் மொழி) எழுதி, சி புரோகிராமிலிருந்து கூப்பிடுகிறேன். காலேஜ் லேபில் லினக்ஸில் நன்றாக ஓடுகிறது. தோழியின் பழைய இன்டெல் மேக்புக்கில் லிங்க் (தனித்தனி ஃபைல்களை ஒரே புரோகிராமாக இணைப்பது) ஆகவே மாட்டேன் என்கிறது. நான் வைத்த பெயருக்கு முன்னால் ஒரு அண்டர்ஸ்கோரைப் போட்டு, அப்படி ஒரு சிம்பல் இல்லை என்று எரர் வருகிறது. வீட்டு லேப்டாப்பில் 64 பிட் விண்டோஸ், மின்ஜிடபிள்யூ (விண்டோஸுக்கான ஜிசிசி கம்பைலர்). அங்கே எரர் இல்லாமல் லிங்க் ஆகிறது, ஓட்டினால் க்ராஷ்.

பாண்டி சண்டே மார்க்கெட்டில் வாங்கிய பழைய டர்போ சி புத்தகம் ஒன்று வைத்திருக்கிறேன். சி-யில் எல்லாப் பெயருக்கும் முன்னால் அண்டர்ஸ்கோர் வேண்டும், ஆர்க்யுமென்ட் (ஃபங்ஷனுக்குக் கொடுக்கும் மதிப்பு) எல்லாம் ஸ்டாக்கில் (தற்காலிக நினைவகப் பகுதி) வரும், முதலாவது பிபி பிளஸ் 4-இல் (பிபி காட்டும் இடத்திலிருந்து 4 பைட் தள்ளி) இருக்கும் என்று அதில் போட்டிருக்கிறது. லினக்ஸில் இதில் ஒன்றுகூட உண்மையாக இல்லை. மேக்ரோ (ஒரு பெயர் எழுதினால் அதற்குரிய வரிகளாக விரியும் வசதி) எழுதினால் ஒரே ஃபைல் எங்கும் ஓடும் என்று சீனியர் ஒருவர் சொன்னார். தேடிப் பார்த்த மேக்ரோ ஃபைல்கள் பக்கம் பக்கமாகப் போகின்றன, தலைகால் புரியவில்லை. ஒரே ஃபைல் போதுமா? இந்தக் காலத்தில் இதற்கு மெனக்கெடலாமா? என் ஃபைலை இணைத்திருக்கிறேன்.

க., கடலூர்

அன்புள்ள க.,

திருத்திய ஃபைலை உங்களுக்குத் தனியே அனுப்பிவிட்டேன். இங்கே காரணங்களை மட்டும் எழுதுகிறேன். இதே இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கும் வேறு சிலருக்கும் உதவும்.

உங்கள் புத்தகம் தப்பாகச் சொல்லவில்லை. டாஸ் காலத்து டர்போ சி அப்படித்தான் இருந்தது. அதிலும்கூட பிபி பிளஸ் 4 என்பது ஸ்மால் மாடலுக்கு மட்டும் (மாடல் என்பது புரோகிராம் எவ்வளவு நினைவகத்தை எட்டலாம் என்ற கம்பைலர் அமைப்பு). லார்ஜ் மாடலில் திரும்பிப் போக வேண்டிய முகவரியே 4 பைட் ஆகிவிடும், அதனால் முதல் ஆர்க்யுமென்ட் பிளஸ் 6-க்குத் தள்ளிப் போகும். கணினி ஒன்று, கம்பைலர் ஒன்று, மாடலை மாற்றினால் எண் மாறிவிடும். அதைச் சமாளிக்கவே அந்தக் காலத்திலேயே மேக்ரோ எழுதினார்கள். நாஸ்ம் அசெம்ப்ளரோடு வரும் சி16 மேக்ரோ ஃபைலைத் திறந்து பாருங்கள், சின்னதுதான். ஆர்க்யுமென்ட்டுக்கு ஒரு பெயர் வைத்தால் போதும், 4-ஆ 6-ஆ என்பதை மேக்ரோ பார்த்துக்கொள்ளும். உங்கள் பிரச்சினையும் அதே வகைதான், மாடலுக்குப் பதிலாக ஆபரேட்டிங் சிஸ்டம்.

முதலில் பெயர். லினக்ஸின் இஎல்எஃப் ஃபைலில் சி வைத்த பெயர் அப்படியே இருக்கும். மேக்கின் மாக்-ஓ ஃபைலில் முன்னால் ஓர் அண்டர்ஸ்கோர் சேரும். விண்டோஸில் 32 பிட் என்றால் சேரும், 64 பிட்டில் சேராது. அதனால்தான் உங்கள் வீட்டில் லிங்கர் வாயைத் திறக்கவில்லை. இதற்கு நீங்கள் ஓஎஸ் ஓஎஸ்ஸாக இஃப் போட வேண்டியதில்லை. யூசர் லேபிள் பிரிஃபிக்ஸ் என்று ஒரு மேக்ரோவை ஜிசிசியும் க்ளாங் என்ற கம்பைலரும் தாங்களே வரையறுத்துத் தருகின்றன. பெயர் முழுக்கப் பெரிய எழுத்தில், வார்த்தைகளுக்கு இடையில் ஓர் அண்டர்ஸ்கோர், முன்னும் பின்னும் இரண்டிரண்டு. மேக்கில் அதன் மதிப்பு ஓர் அண்டர்ஸ்கோர், லினக்ஸில் வெற்று. அதை உங்கள் பெயரோடு ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது.

ஒட்டும்போது ஒன்றைக் கவனியுங்கள். இரட்டை ஹாஷ் போட்டு நேரடியாக ஒட்டினால், பிரீபிராசசர் (கம்பைல் ஆகும் முன் மேக்ரோக்களை விரிக்கும் பகுதி) அந்த மேக்ரோவை விரிக்காமல் அதன் பெயரையே உங்கள் பெயரோடு ஒட்டிவிடும். நீளமான விசித்திரப் பெயர் ஒன்று லிங்கர் எரரில் வந்து நிற்கும். எனவே இரண்டு மேக்ரோ வேண்டும்: வெளியே ஒன்று வாங்கிக்கொண்டு விரிக்க, உள்ளே ஒன்று ஒட்ட. அப்புறம், ஃபைலின் கடைசியில் பெரிய எஸ் இருக்கட்டும். சின்ன எஸ் போட்டால் ஜிசிசி அதை பிரீபிராசசர் பக்கமே அனுப்பாது. நீங்கள் அனுப்பியது சின்ன எஸ்.

அடுத்தது ரெஜிஸ்டர், அதாவது சிப்புக்குள்ளேயே இருக்கும் சிறு சேமிப்பிடம். உங்கள் க்ராஷ் இங்கேதான் இருக்கிறது. பாண்டியிலிருந்து கடலூர் பஸ்ஸில் வரும்போது எல்லையிலுள்ள கன்னியக்கோயில் தாண்டியதும் அதே பெட்ரோலுக்கு விலை மாறுகிறதே, அப்படித்தான். சிப் அதேதான், விதி வேறு. லினக்ஸும் இன்டெல் மேக்கும், ஃபங்ஷனைக் கூப்பிடுவதற்கான சிஸ்டம் ஃபைவ் என்ற விதியைப் பின்பற்றுகின்றன: ஆர்டிஐ, ஆர்எஸ்ஐ, ஆர்டிஎக்ஸ், ஆர்சிஎக்ஸ், ஆர்8, ஆர்9 என்று ஆர்க்யுமென்ட்டுகள் வரும். விண்டோஸில் ஆர்சிஎக்ஸ், ஆர்டிஎக்ஸ், ஆர்8, ஆர்9, அவ்வளவுதான், மிச்சம் ஸ்டாக்கில். உங்கள் ஃபங்ஷன் ஆர்டிஐ-யில் வரிசையின் முகவரி இருக்கிறது என்று நம்பி அங்கே போய்ப் படிக்கிறது. விண்டோஸில் அங்கே எது கிடந்ததோ யாருக்குத் தெரியும். க்ராஷ் ஆனது நல்லதுக்குத்தான். அது செல்லுபடியாகும் முகவரியாக அமைந்திருந்தால் ஏதோ ஒரு கூட்டுத்தொகை வந்திருக்கும், நீங்களும் அதை ரிப்போர்ட்டில் எழுதியிருப்பீர்கள்.

இன்னொன்றும் உண்டு. சிஸ்டம் ஃபைவில் ஆர்டிஐ, ஆர்எஸ்ஐ இரண்டையும் இஷ்டத்துக்குக் கெடுக்கலாம். விண்டோஸில் அவை கூப்பிட்டவருடைய சொத்து, வாங்கிய மாதிரியே திருப்பித் தர வேண்டும். எக்ஸ்எம்எம்6 முதல் 15 வரையுள்ள ரெஜிஸ்டர்களும் அப்படியே.

ஓபன்எஸ்எஸ்எல் என்ற கிரிப்டோ லைப்ரரி இதைக் கையாளும் விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். விண்டோஸில் கூப்பிடுபவர் ஸ்டாக்கில் 32 பைட் காலி இடம் விட்டுத்தான் கூப்பிட வேண்டும் என்பது விதி. ஓபன்எஸ்எஸ்எல் ஃபங்ஷனின் வாசலிலேயே ஆர்டிஐ, ஆர்எஸ்ஐ இரண்டையும் அந்தக் காலி இடத்தில் பத்திரப்படுத்துகிறது. பிறகு ஆர்சிஎக்ஸை ஆர்டிஐக்கு, ஆர்டிஎக்ஸை ஆர்எஸ்ஐக்கு, ஆர்8-ஐ ஆர்டிஎக்ஸுக்கு, ஆர்9-ஐ ஆர்சிஎக்ஸுக்கு என்று மாற்றிவிடுகிறது. இந்த வரிசை முக்கியம். ஆர்8-ஐ முதலில் நகர்த்தினால் இரண்டாவது ஆர்க்யுமென்ட் அழிந்துபோகும். இதற்குப் பிறகு உள்ளே இருக்கும் அத்தனை வரியும் லினக்ஸுக்கு எழுதியதுதான். திரும்பும்போது பத்திரப்படுத்தியதை எடுத்து வைத்துவிட்டுப் போகிறது.

நான் உங்களுக்குச் சொல்ல நினைப்பது இதைத்தான். மேக்ரோ வாசலில் நிற்கட்டும். உள்ளே வர வேண்டாம். பெயர், நுழைவு, வெளியேற்றம் மூன்றையும் ஒரே ஹெடர் ஃபைலில் மேக்ரோவாக வைத்துக்கொள்ளுங்கள். லூப்பும் கூட்டலும் வெறும் அசெம்ப்ளியாக, கண்ணுக்கு நேராகத் தெரியட்டும். டிபக்கரில் ஒவ்வொரு வரியாக நகரும்போது திரையில் தெரிவதும் நீங்கள் எழுதியதும் ஒன்றாக இருந்தால்தான் பிழை பிடிபடும்.

நீங்கள் பார்த்து மிரண்ட ஃபைல் எக்ஸ்264 என்ற வீடியோ என்கோடர் திட்டத்தின் எக்ஸ்86இன்க் ஆக இருக்கும் என்று நினைக்கிறேன். அது வாசலைத் தாண்டி உள்ளேயும் வருகிறது. ஆர்0, ஆர்1 என்று அதுவே பெயர் வைத்து, ஒவ்வொரு ஓஎஸ்ஸிலும் சரியான ரெஜிஸ்டருக்குப் பொருத்திவிடும். எத்தனை ரெஜிஸ்டர் வேண்டும் என்று முதல் வரியில் சொல்லிவிட்டால் எதைச் சேமிப்பது என்பதையும் அதுவே முடிவு செய்யும். எஃப்எஃப்எம்பெக், டேவ்1டி என்ற வீடியோ மென்பொருள்கள் இரண்டுமே அதைப் பயன்படுத்துகின்றன. அபாரமான வேலை, மரியாதையோடு படிக்க வேண்டியது. ஆனால் அசெம்ப்ளி ஃபங்ஷன்களை மலைபோல் குவித்து வைத்திருப்பவர்களுக்கானது. ஒரு கூட்டலுக்கு அதை இழுத்து வராதீர்கள்.

உங்கள் அளவுக்கு இன்னும் சுலபமான வழி ஒன்று இருக்கிறது. சி பக்கத்தில் ஃபங்ஷனை அறிவிக்கும் இடத்தில், விண்டோஸில் மட்டும் சிஸ்வி ஏபிஐ என்ற ஆட்ரிபியூட்டைச் சேர்த்துவிடுங்கள். ஜிசிசியும் க்ளாங்கும் அந்த ஒரு ஃபங்ஷனை மட்டும் சிஸ்டம் ஃபைவ் விதிப்படி கூப்பிடும். அசெம்ப்ளியில் ரெஜிஸ்டர் மாற்றும் வேலையே இல்லை. மைக்ரோசாஃப்ட்டின் சொந்தக் கம்பைலரில் இது கிடையாது. அது வேண்டுமென்றால் ஓபன்எஸ்எஸ்எல் வழிதான். நீங்கள் மின்ஜிடபிள்யூ என்பதால் கவலை இல்லை.

இத்தனை செய்தாலும் எந்த மேக்ரோவாலும் பிடிக்க முடியாத ஒன்று உங்கள் ஃபைலில் இருக்கிறது. எண்ணிக்கையை லாங் என்று வைத்திருக்கிறீர்கள். 64 பிட் லினக்ஸிலும் மேக்கிலும் லாங் 8 பைட். விண்டோஸில் 64 பிட்டாக இருந்தாலும் 4 பைட்தான். நீங்கள் ஆர்எஸ்ஐ முழுவதையும் எண்ணிக்கையாக எடுக்கிறீர்கள். அதன் மேல் பாதியில் என்ன இருக்கும் என்பதற்கு யாரும் உத்தரவாதம் தரவில்லை. மூன்றிலும் 8 பைட்டாகவே இருக்கும் சைஸ்-டி என்று மாற்றுங்கள்.

லினக்ஸுக்காக ஒரு சின்ன விஷயம்: ஃபைலின் கடைசியில் நோட் ஜிஎன்யு ஸ்டாக் என்ற வெற்று செக்ஷனைச் சேருங்கள். அது இல்லையென்றால் வழக்கமான லினக்ஸில் உங்கள் முழு புரோகிராமின் ஸ்டாக்கையும் லிங்கர் இயக்கத்தக்கதாக்கிவிடும். 2022-இல் வந்த பின்யுடில்ஸ் (லிங்கரும் அசெம்ப்ளரும் அடங்கிய தொகுப்பு) 2.39-லிருந்து இதற்கு எச்சரிக்கை வருகிறது. மேக்கிலும் விண்டோஸிலும் இந்த வரி தேவையில்லை, எனவே இஃப்டெஃப்புக்குள் வையுங்கள்.

ஒரே ஃபைல் போதுமா என்றால், இன்டெல் வகைச் சிப் இருக்கும் வரை போதும். ஆப்பிள் எம்1 போன்ற ஆர்ம் சிப்புக்கு உள்பகுதியைத் தனியாகத்தான் எழுத வேண்டும், வாசலுக்கான ஹெடரைப் பகிர்ந்துகொள்ளலாம். அங்கே ஓர் அபாயம். பிரீபிராசசர் மேக்ரோ எத்தனை வரி எழுதினாலும் ஒரே வரியாகத்தான் விரியும், ஆகவே கட்டளைகளுக்கு நடுவில் அரைப்புள்ளி போடுவோம். ஆப்பிளின் ஆர்ம் அசெம்ப்ளரில் அரைப்புள்ளி என்றால் குறிப்புரையின் தொடக்கம். முதல் கட்டளை மட்டும் உள்ளே போகும், மற்றவை சத்தமில்லாமல் காணாமல் போகும். எரரே வராது. அதனால் பல கட்டளைகள் உள்ள மேக்ரோவை அசெம்ப்ளரின் சொந்த மேக்ரோ வசதியில் எழுதுங்கள், அது வரி வரியாகவே விரியும்.

மெனக்கெடலாமா என்று கேட்டிருந்தீர்கள். கூட்டலுக்கு என்றால் ஓ3 (வேகத்துக்கான கம்பைலர் அமைப்பு) போட்ட சி கம்பைலரே அழகாகச் செய்துவிடும், வேகத்துக்காக இதைச் செய்ய வேண்டாம். ஆனால் வீடியோ டிகோடர்களிலும் கிரிப்டோ லைப்ரரிகளிலும் இன்றும் கையால் எழுதிய அசெம்ப்ளி ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த வேலைக்குப் போக ஆசை இருந்தால் இப்போது செலவிடும் நேரம் வீண் இல்லை.

சோதிக்கும்போது விடை சரியா என்று மட்டும் பார்க்காதீர்கள். கூப்பிடும் முன் ஆர்பிஎக்ஸ், ஆர்பிபி, ஆர்12 முதல் 15 வரை தெரிந்த எண்களைப் போட்டு, திரும்பியதும் அப்படியே இருக்கின்றனவா என்று பாருங்கள். எக்ஸ்264-இன் செக்ஏஎஸ்எம் என்ற சோதனைக் கருவி இதைச் செய்கிறது. பக்கத்தில் ஒரு சி பதிப்பையும் வைத்து, வெவ்வேறு நீளங்களுக்கு இரண்டின் விடையையும் ஒப்பிடுங்கள். நீளம் 0 கட்டாயம் இருக்கட்டும். உங்கள் லூப் முதலில் கூட்டிவிட்டு, எண்ணிக்கையில் ஒன்று கழித்து, பூஜ்யமா என்று பிறகுதான் பார்க்கிறது. 0 வந்தால் கழித்ததும் அது மிகப் பெரிய எண்ணாகிவிடும், லூப் வரிசையைத் தாண்டி ஓடிக்கொண்டே இருக்கும். இது மூன்று கணினியிலும் ஒரே மாதிரி நடக்கும். லூப்புக்கு முன்னால் ஒரு டெஸ்ட்டும் ஒரு ஜம்ப்பும் சேர்த்திருக்கிறேன், பாருங்கள்.

அன்புடன்