மதுரையிலிருந்து டப்ளின் கிளவுட் வேலைக்கு: தம்பியின் கேள்விக்குப் பதில்

தம்பி, வடபழஞ்சி ஐடி பார்க்குல ஸ்விட்ச், ரௌட்டர், விலான் (ஒரே நெட்வொர்க்கைத் தனித்தனிப் பகுதியாப் பிரிக்கிற முறை) வேலை பார்க்கிறதாவும், டப்ளின்ல ஒரு கிளவுட் டேட்டா சென்டர் நெட்வொர்க் டீம்ல ஆஃபர் வந்திருக்கிறதாவும் எழுதியிருந்தீங்க. "அங்க எல்லாமே மெய்நிகர் நெட்வொர்க்காம் அண்ணே, நான் கத்துக்கிட்டது செல்லுமா? குடும்பத்தோட அங்க பொழைக்க முடியுமா?" இதுதான் உங்க கேள்வி. செல்லும், பொழைக்கவும் முடியும். ரெண்டுக்கும் கிளம்புறதுக்கு முன்னாடி கொஞ்சம் உழைக்கணும். நான் பழங்காநத்தத்துக்காரன், டப்ளின் மேற்குப் பக்கம் குடியேறிப் பல வருஷம் ஆச்சு. பார்க்கிறதும் இதே வேலைதான், அதனால விவரமாவே சொல்றேன்.

ஒரு கம்பெனிக்குள்ள அக்கவுன்ட்ஸ், எச்ஆர்னு விலான் போட்டுப் பிரிக்கிறது உங்களுக்குக் கைவந்த வேலை. டேட்டா சென்டர்ல ஒருத்தரை ஒருத்தர் அறியாத ஆயிரக்கணக்கான வாடிக்கையாளர்கள் ஒரே வயர்ல இருப்பாங்க. விலான் எண்ணுக்கு ஒதுக்கியிருக்கிறது 12 பிட். 4096-ல ரெண்டை ஒதுக்கிட்டா 4094 தான் மிச்சம், அது ஒரு கட்டடத்துக்கே காணாது. அடுத்த சிக்கல் முகவரி. 1996-ல வந்த ஆர்எஃப்சி 1918 (ஆர்எஃப்சின்னா இன்டர்நெட் விதிகளை எழுதி வைக்கிற ஆவணம்) தனியார் பயன்பாட்டுக்குன்னு ஒதுக்கின 10-ல ஆரம்பிக்கிற ஐபி முகவரிகளைத்தான் பெரும்பாலும் வச்சிருப்பாங்க. ஒரு ஆஸ்பத்திரியோட சர்வரும் 10.0.0.5, அதே பெட்டியில ஓடுற ஒரு ஜவுளிக்கடையோட சர்வரும் 10.0.0.5. யாரையும் மாத்தச் சொல்ல முடியாது. இது போக, நிஜ இயந்திரத்துக்குள்ள மென்பொருளா ஓடுற ஒரு மெய்நிகர் சர்வரை இந்த ரேக்குல இருந்து அந்தக் கோடி ரேக்குக்கு மாத்தினாலும் அதோட முகவரி மாறக் கூடாது.

நம்ம ஊரையே எடுத்துக்கோங்க. மேல மாசி வீதியிலயும் 12-ஆம் நம்பர் வீடு இருக்கும், தெற்கு ஆவணி மூல வீதியிலயும் இருக்கும். வீதிப் பேரு சேர்ந்து வர்றதால தபால்காரர் தடுமாற மாட்டார். இந்தச் சிக்கல்களைத் தீர்க்க வந்த விஎக்ஸ்லான்ங்கிற முறை செய்யிறதும் இதைத்தான். வாடிக்கையாளரோட பாக்கெட்டைத் தொடாம அப்படியே ஒரு உறையில போட்டு, அது எந்த வீதியைச் சேர்ந்ததுன்னு 24 பிட் எண் ஒண்ணை எழுதுது. அந்த எண்ணுக்குப் பேரு விஎன்ஐ. 24 பிட்னா ஒரு கோடியே 67 லட்சத்துக்கு மேல. உறைக்கு மேல எழுதுற முகவரி, அந்த சர்வர் இப்ப எந்த இயந்திரத்துல ஓடுதோ அதோட முகவரி. நடுவுல இருக்கிற ஸ்விட்சுகளுக்கு வெளி உறை மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். வாடிக்கையாளர்கள் எத்தனை பேர், அவங்க முகவரி என்னங்கிறது அதுகளுக்குத் தேவையே இல்லை. வெளிப் பாதைக்கு அண்டர்லே, உள்ளே போற நெட்வொர்க்குக்கு ஓவர்லேன்னு பேரு. டீம் மீட்டிங்ல தினமும் காதுல விழப் போற சொற்கள் இவைதான்.

விஎக்ஸ்லானை வரையறுக்கிற ஆர்எஃப்சி 7348 வந்தது 2014-ல. உறை போறது யூடிபிங்கிற அனுப்பு முறையில, 4789-ஆம் போர்ட் எண்ணுக்கு. கூடுதல் வசதிகளோட 2020-ல ஆர்எஃப்சி 8926-ஆ ஜெனீவ்ங்கிற இன்னொரு உறை முறை வந்துச்சு. ஆனா பெரிய கிளவுட்காரங்க இந்தத் தரங்கள் வர்றதுக்கெல்லாம் காத்துக்கிட்டு இருக்கல. அமேசான் 2009-லயே விபிசிங்கிற தனி மெய்நிகர் நெட்வொர்க் சேவையைக் கொடுத்துட்டாங்க. இதே வேலைக்குத் தாங்க கட்டின மென்பொருள் பத்தி, மைக்ரோசாஃப்ட் விஎஃப்பின்னு 2017-லயும், கூகுள் ஆந்த்ரோமெடான்னு 2018-லயும் என்எஸ்டிஐங்கிற நெட்வொர்க் ஆய்வு மாநாட்டுல கட்டுரை வாசிச்சாங்க. ரெண்டும் இலவசமாவே கிடைக்குது. விமானம் ஏறுறதுக்கு முன்னாடி ரெண்டையும் படிச்சிருங்க. முதல் வாசிப்புல பாதி புரிஞ்சாலே போதும்.

இதுல எனக்கு ரொம்ப முக்கியமாப் படுற ஒண்ணு இருக்கு. விஎன்ஐ வெறும் பேர்ச்சீட்டு, அதுல பூட்டு எதுவும் கிடையாது. விஎக்ஸ்லான் தானா எதையும் மறையாக்கம் செய்யிறதில்லை. அண்டர்லேக்குள்ள நுழைஞ்ச ஒருத்தன் விருப்பப்பட்ட எண்ணை எழுதி உறையைப் போட்டுட முடியும். அதனால உறை போடுறதையும் பிரிக்கிறதையும் வாடிக்கையாளரோட மெய்நிகர் சர்வர் கையில விடாம, அதுக்கு அடியில இருந்து மெய்நிகர் சர்வர்களை ஓட்டுற மென்பொருளான ஹைப்பர்வைசரோ நெட்வொர்க் அட்டையோதான் செய்யும். அண்டர்லேக்கு வெளியாட்கள் யாருக்கும் வழியே இருக்கக் கூடாது. அந்த ஆஸ்பத்திரியில ரத்தப் பரிசோதனை பண்ணிக்கிட்ட நோயாளிக்கு, பக்கத்துலயே ஒரு ஜவுளிக்கடை கணக்கு ஓடுதுன்னு தெரியவே தெரியாது. தெரிய வேண்டிய நிலைமையும் வந்துடக் கூடாது. நாம முகம் பார்க்காத அந்த மனுஷங்களுக்காகத்தான் இந்த வேலையே. ஒவ்வொரு கான்ஃபிக் மாத்துறப்பவும் எனக்கு இந்த நினைப்பு வரும்.

உங்க பழைய படிப்பு எங்க உதவும்னு கேட்டா, நான் பக்கத்துல இருந்து பார்த்த ஒண்ணைச் சொல்றேன். நடுராத்திரி அழைப்பு வந்துச்சு. வாடிக்கையாளருக்குப் பிங் போகுது, லாகின் ஆகுது, பெரிய ஃபைல் மட்டும் பாதியில நிக்குது. அதுவும் எல்லா இணைப்பும் நிக்கல, சிலது ஓடுது, சிலது நிக்குது. ஓவர்லே மென்பொருள்காரங்க லாக்கை எல்லாம் அலசினாங்க, ஒண்ணும் சிக்கல. கடைசியில கண்டுபிடிச்சவர் உங்களை மாதிரி ஸ்விட்ச் கவுன்ட்டரைப் பார்த்தே பழகினவர். உறை போட்டா பாக்கெட் 50 பைட் பெருத்துடும். 1500 பைட் பாக்கெட் 1550 ஆகும். அதுக்காகத்தான் அண்டர்லே முழுக்க எம்டியுவை, அதாவது ஒரு பாக்கெட் அதிகபட்சம் எவ்வளவு பெருசா இருக்கலாங்கிற அளவை, 9000 பைட் பக்கம் வச்சிருப்பாங்க. அன்னைக்குச் சாயங்காலம் புதுசா மாத்தின ஒரு ஸ்விட்சுல ஒரு போர்ட் (வயர் சொருகுற இடம்) மட்டும் 1500-லயே நின்னிருக்கு. சின்ன பாக்கெட் தாண்டிப் போயிருது, பெருசு சத்தமில்லாம விழுந்துருது.

சில இணைப்பு மட்டும் ஏன் நின்னுச்சுங்கிறதுதான் அழகான இடம். மேல போற பாதை பல இருக்கு, எது எந்தப் பாதையில போகணும்னு வெளி உறையோட முகவரி, போர்ட் எண்களை வச்சு ஸ்விட்ச் கணக்குப் போடும். உறை போடுறப்ப, உள்ளே இருக்கிற பாக்கெட்டோட தலைப்பை (ஹெடரை) வச்சுக் கணக்கு பண்ணித்தான் யூடிபி மூல போர்ட்டைத் தேர்ந்தெடுப்பாங்க, பாரம் எல்லாப் பாதைக்கும் பரவணும்னு. அதனால ஒவ்வொரு இணைப்பும் ஒவ்வொரு பாதையைப் பிடிக்கும், அந்தப் பழுதான போர்ட் பக்கம் போனது மட்டும் மாட்டிக்கும். வயரையும் அறிஞ்சு உறையையும் அறிஞ்ச ஆளாலதான் இதைப் பிடிக்க முடியும். உங்ககிட்ட வயர் அறிவு இருக்கு, உறை அறிவைச் சேர்த்துக்கோங்க.

அதுக்குப் பெரிய செலவு ஆகாது. சாதாரண லேப்டாப்புல லினக்ஸ் போட்டு, நேம்ஸ்பேஸ் (ஒரே லேப்டாப்புக்குள்ள தனித்தனி நெட்வொர்க்) நாலு உருவாக்கி, நடுவுல விஎக்ஸ்லான் கட்டுங்க. ரெண்டு வாடிக்கையாளருக்கும் அதே 10.0.0.5 கொடுங்க. பாக்கெட்டை டிசிபிடம்ப் மென்பொருள்ல பிடிச்சு வயர்ஷார்க் மென்பொருள்ல திறந்து, உறையை ஒவ்வொரு பைட்டாப் படிங்க. எம்டியுவை வேணும்னே குறைச்சு உடைச்சுப் பாருங்க. அப்புறம் எஃப்ஆர்ஆர்ங்கிற இலவச ரௌட்டிங் மென்பொருளைப் போட்டு, எந்த சர்வர் எங்க இருக்குங்கிற தகவலை பிஜிபி இவிபிஎன்ங்கிற ரௌட்டிங் முறை எப்படிக் கொண்டு போகுதுன்னு பாருங்க. சித்திரைத் திருவிழா முடியிற வரைக்கும் நான் மதுரையிலதான் இருக்கேன். ஒரு ஞாயித்துக்கிழமை லேப்டாப்போட வாங்க, சேர்ந்து உக்காந்து பார்ப்போம்.

இனி ஊரைப் பத்தி. டப்ளின்ல முதல் தலைவலி வீடு. வாடகை சம்பளத்துல பெரிய பங்கைத் தின்னுடும், காசு இருந்தாலும் வீடு லேசுல அமையாது. முதல் சில மாசம் தனி ஆளாப் போய் பகிர்ந்த வீட்டுல ஒரு அறையில இருங்க, வீடு அமைஞ்ச பிறகு குடும்பத்தைக் கூப்பிடுங்க. கண்ணால பார்க்காத வீட்டுக்கு மதுரையில இருந்தே காசு அனுப்பவே அனுப்பாதீங்க. 2021 சட்டப்படி அட்வான்ஸ் ஒரு மாச வாடகை, முன்வாடகை ஒரு மாசம், அதுக்கு மேல கேட்கக் கூடாது.

உங்க வேலைக்கு கிரிட்டிக்கல் ஸ்கில்ஸ் பெர்மிட் (தட்டுப்பாடான திறமை உள்ளவங்களுக்கு அயர்லாந்து கொடுக்கிற வேலை அனுமதி) கிடைச்சா, உங்க மனைவி தனிப் பெர்மிட் இல்லாமலே அங்க வேலை பார்க்கலாம். இதை அவங்ககிட்ட இப்பவே சொல்லுங்க, அவங்களும் தயாராகட்டும். குளிரை விட இருட்டுதான் நம்ம ஆளுங்களைச் சோர்வாக்குது. டிசம்பர்ல சாயங்காலம் நாலு மணி தாண்டினதும் பொழுது அடைஞ்சிரும். ஜூன்ல ராத்திரி பத்து வரைக்கும் வெளிச்சம் இருக்கும். பகல் சாப்பாட்டு நேரத்துல வெளியே நடந்துட்டு வர்ற பழக்கத்தை முதல் குளிர்காலத்துலயே பிடிச்சுக்கோங்க.

டேட்டா சென்டர்ல வேலைன்னு சொன்னா அங்க சிலர் மின்சாரத்தைப் பத்திக் கேட்பாங்க. கேட்கிறது நியாயம். அயர்லாந்துல 2023-ல அளவிட்ட மின்சாரத்துல 21 சதவீதம் டேட்டா சென்டர்களுக்கே போயிருக்குன்னு அரசுப் புள்ளிவிவரத் துறையே சொல்லுது. மழுப்பாம, தெரிஞ்சதைச் சொல்லிப் பேசுங்க.

ஆன்-கால், அதாவது எந்நேரம் பழுது வந்தாலும் அழைப்பை எடுக்கிற முறைதான் வீட்டு வாழ்க்கையைத் தீர்மானிக்கும். உங்க முறை வர்ற வாரம் தூக்கம் உங்க கையில இல்லை. நான் கிறிஸ்துமஸ் வாரத்தை ஏத்துக்கிட்டு பொங்கலுக்கு மாத்திக்குவேன். கிறிஸ்துமஸ் கொண்டாடுற டீம் ஆளுங்களுக்கும் சந்தோஷம், அந்த வாரம் பெரிய மாற்றங்கள் எதுவும் செய்ய மாட்டாங்கங்கிறதால வேலையும் கம்மி. ஆஃபர்ல கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி மூணு விஷயத்தை மெயில்லயே கேட்டு வாங்கிருங்க: எத்தனை வாரத்துக்கு ஒரு முறை ஆன்-கால், அதுக்குத் தனிக் காசு உண்டா, ராத்திரி முழிச்சா மறுநாள் காலையில தாமதமா வரலாமா. வாய்வார்த்தையா மேனேஜர் சொன்னா, அதையே நீங்க மெயில்ல எழுதி அவரை உறுதிப்படுத்தச் சொல்லுங்க. அங்க அப்படிக் கேட்கிறதை யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க.